மத்தியதரைக் கடலில் படகிலேயே குடியிருக்க: இந்தியப் பாஸ்போர்ட்டோடு எங்கே தொடங்கலாம்?

சுக்கான் (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஒரு வருடத்துக்கு மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகிலேயே குடியிருக்கத் திட்டமிடுகிறோம். இரண்டு வாரச் சுற்றுலா இல்லை. சமையல், தூக்கம், துணி துவைப்பது, மனைவியின் ஆன்லைன் கணித வகுப்புகள் எல்லாமே படகில்தான். சென்னைத் துறைமுகத்துக்குள்ளே ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் சிறிய பாய்ப்படகுகள் ஓட்டப் பழகியிருக்கிறேன். நண்பரின் பெரிய படகில் கிரீஸின் அயோனியன் தீவுகளைச் சுற்றியதும் உண்டு. என் அனுபவம் அவ்வளவுதான்.

கிரீஸில் பழைய 36 அடிப் படகு ஒன்றை வாங்கலாம் என்று பார்க்கிறோம். எந்தக் கரையில் தொடங்குவது? விசாவை எப்படிச் சமாளிப்பது? கோடைக் காற்றைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்களே, உண்மையில் எவ்வளவு கடுமை? குளிர்காலத்தில் படகில் இருக்க முடியுமா? வீடியோக்களில் நல்ல நாட்கள் மட்டும்தான் வருகின்றன. அங்கேயே இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தேவி_லேரோஸ்

சுக்கான், கடல் வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் காலண்டரை எடுங்கள். இந்தக் கடலில் நீங்கள் போகும் வழியைக் காற்றைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பாஸ்போர்ட்தான். நாங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம், ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) விசா வேண்டாம். ஆனாலும் நாள் கணக்கு எங்களுக்கும் அதேதான்.

180 நாளில் 90 நாள். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா, ஸ்லோவேனியா, குரோஷியா, கிரீஸ் எல்லாம் சேர்த்து ஒரே கணக்கு. முன்பெல்லாம் நாள் தீர்ந்தால் குரோஷியாவுக்குப் போய் இருந்துவிட்டு வருவார்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கன், அந்த வழி அடைபட்டுவிட்டது. கரையில் இறங்காமல் நங்கூரத்தில் கிடந்தாலும் நாள் ஓடும். உள்ளே வரும் நாளும் வெளியே போகும் நாளும் சேர்த்தே எண்ணுவார்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் விரல்ரேகையும் முகப்படமும் கணினிக்குப் போகின்றன. முத்திரை மங்கலாக விழுந்தது என்று இனி யாரும் வாதாட முடியாது.

படகுக்கு வேறு காலண்டர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டின் கொடி, உரிமையாளரும் வெளியே வசிப்பவர் என்றால் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி கட்டாமல் 18 மாதம் வைத்திருக்கலாம். துருக்கி போய் முறையாகப் பதிந்து திரும்பினால் புதிதாக 18 மாதம் தொடங்கும். வாட் கட்டிய படகு என்றால் இந்தக் கெடு இல்லை. ஆனால் ஒன்றியத்தை விட்டு வெளியே போனால் 3 வருடத்துக்குள், அதே உரிமையாளர் பெயரில் திரும்ப வேண்டும். வாட் கட்டிய அசல் ரசீது இல்லாத படகை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதனால்தான் நான் கிழக்கு ஏஜியனை, அதாவது கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவிலுள்ள கடலின் கிழக்குப் பக்கத்தைச் சொல்வேன். கோஸ், சீமி, ரோட்ஸ் தீவுகளுக்கு எதிரே கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போத்ரும், தாட்சா, மர்மாரிஸ். கஸ்டெலோரிசோவிலிருந்து பார்த்தால் துருக்கியின் காஷ் ஊர் விளக்குகள் தெரியும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்குத் துருக்கி ஆன்லைனிலேயே இ-விசா கொடுக்கிறது. 30 நாள், ஒரே ஒரு நுழைவு. துருக்கி போய்விட்டுக் கிரீஸுக்குத் திரும்ப உங்கள் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கடந்த மூன்று வருடங்களில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருடப் பலமுறை விசா கிடைக்க வாய்ப்பு உண்டு, அதன்பின் ஐந்து வருடம்.

ஆகவே நடைமுறை இப்படி வரும்: மே, ஜூன் கிரீஸ். ஜூலை துருக்கி. ஆகஸ்டில் படகை அங்கேயே ஒரு மெரினாவில் (படகு நிறுத்துமிடம்) விட்டுவிட்டு ஊருக்கு. செப்டம்பரில் புதிய இ-விசாவோடு வந்து படகை எடுத்துக்கொண்டு மீதி ஷெங்கன் நாட்கள். அக்டோபரில் இன்னொரு இ-விசாவோடு துருக்கி, அங்கே படகைக் கரையேற்றிவிட்டு வீடு. சுற்றுலா விசாவில் ஒரு முழு வருடம் படகிலேயே என்பது நடக்காது. ஆறு மாதம் என்று திட்டமிடுங்கள், அதுவே நிறைவான வாழ்க்கை.

குருநகர் (பிரான்ஸ்)

தேவி அக்கா சொன்னது சரி. ஆனால் தம்பி, உங்கள் மனைவி ஆன்லைனில் படிப்பிக்கிறா என்றால் கிரீஸின் டிஜிட்டல் நோமாட் விசாவையும் ஒருக்கால் பாருங்கள். 2021இல் கொண்டுவந்தது. கிரீஸுக்கு வெளியில் இருந்து வருமானம் வர வேண்டும், மாதம் குறைந்தது 3,500 யூரோ, துணைவருக்கு 20 வீதம் கூட. அது கிடைத்தால் கிரேக்கக் கடலில் ஒரு வருடம் இருக்கலாம். ஸ்பெயினிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. பிரான்ஸில் நீண்டகால விசிட்டர் விசா உண்டு, ஆனால் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பு எடுப்பவருக்கு அது பொருந்தாது.

என்னுடைய படகு ரோன் ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேற்குப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து வாடைக்காற்று வந்தால் மாதக்கணக்கில் நிற்கும், தொழிலை அதற்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொள்ளலாம். இங்கே வீசும் மிஸ்ட்ரால் காற்று அப்படி இல்லை. வானம் நல்ல நீலமாக, முகில் ஒன்றும் இல்லாமல் இருக்கும்போதே ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். காலையில் குளிக்கிற கடல், மத்தியானம் வெள்ளை நுரை. லியோன் வளைகுடாவில் அலை உயரத்தைவிட அதன் நெருக்கம்தான் ஆளைக் கொல்லும். ஒரு அலையில் இருந்து படகு எழும்ப முதல் அடுத்தது அணியத்தில் (படகின் முன்பக்கம்) அடிக்கும். மூன்று நாள், சிலவேளை அதற்கும் கூட நிற்கும். அப்படியான நேரத்தில் நான் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடுவதே இல்லை.

இன்னொன்று, போசிடோனியா. கடலுக்கடியில் வளரும் புல். மீன் குஞ்சு பொரிப்பதே அதற்குள்தான். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளான இபிசாவுக்கும் ஃபோர்மென்தெராவுக்கும் இடையில் இருக்கும் புல்வெளியை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்தில் சேர்த்தது. பலேரிக் தீவுகளில் 2018 சட்டப்படி எந்த அளவுப் படகும் அதன்மேல் நங்கூரம் போடக் கூடாது. ரோந்துப் படகு வந்து கண்ணாடி வைத்துக் கீழே பார்க்கும், அபராதம் பெரிது. பிரான்ஸில் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்குத் தடை. சட்டத்தை விடுங்கள், ஒரு நங்கூரம் இழுத்துக் கிழித்த புல்வெளி மீண்டும் வளரப் பல பத்து வருடம் பிடிக்கும். கடற்றொழில் செய்த வீட்டுப் பிள்ளை நான், அதைப் பார்க்க வயிறு எரியும். கரும்பச்சையாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். மணலைத் தேடிப் போடுங்கள், நங்கூரமும் அதில்தான் நன்றாகப் பிடிக்கும்.

செலவைப் பொறுத்தவரை ஆகஸ்டில் பலேரிக், கோர்சிகா, சார்டினியா மெரினாக்களில் 12 மீட்டர் படகுக்கு இரவுக்கு நூறு யூரோவுக்கு மேல் கேட்பார்கள்.

ரவி_சவுத்தாம்ப்டன்

நான் வேறு கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் வருடமே படகு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். மே மாதம் இரண்டு வாரம், அக்டோபரில் இரண்டு வாரம், வேறு வேறு இடத்தில். படகுக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்குப் போகும். பழைய படகில் முதல் வருடம் அதைவிட அதிகமாகவே போகும். அடிப்பகுதிக்குப் பாசி பிடிக்காத பெயின்ட், கரையேற்றும் கட்டணம், பேட்டரி, பாய், காப்பீடு என்று வரிசையாக நிற்கும். மனைவிக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் முன் அந்தப் பணத்தை இறக்க வேண்டுமா?

காகிதமும் முக்கியம். ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் கிரீஸிலும் குரோஷியாவிலும் வாடகைப் படகு கிடைப்பது கடினம். பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. அமைப்பு நடத்தும் டே ஸ்கிப்பர் படிப்பை முடித்துவிட்டு அதற்குப் போகலாம். படகிலிருந்து பேசும் வி.எச்.எஃப். ரேடியோவுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். சொந்தப் படகுக்கும் காப்பீட்டு நிறுவனம் இதையெல்லாம் கேட்கும். மூன்றாம் நபர் காப்பீடு கிரீஸிலும் இத்தாலியிலும் கட்டாயம்.

தேவி_லேரோஸ்

ரவி, சான்றிதழ் விஷயத்தில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். வாடகைப் படகில் கடல் பழகலாம் என்பதும் சரி. குடியிருப்பது பழகாது. சனிக்கிழமை எடுத்து சனிக்கிழமை திருப்பித் தரும் படகில் தண்ணீர் தீர்ந்தால் அடுத்த துறைமுகத்தில் நிரப்புவீர்கள், பேட்டரி இறங்கினால் இன்ஜினைப் போடுவீர்கள், ஃப்ரிட்ஜ் நின்றால் கம்பெனிக்குப் போன் செய்வீர்கள். படகில் வாழ்வது என்பதே இந்த மூன்றையும் யாரையும் கூப்பிடாமல் நடத்துவதுதான். பாதி வழி ஒன்று இருக்கிறது. படகில் வாழும் ஒருவரோடு செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு மாதம் இருந்து பாருங்கள். எந்தப் படிப்பையும்விட அது கற்றுக்கொடுக்கும்.

சுக்கான், நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். நங்கூரம்.

மத்தியதரைக் கடலில் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலான இடங்களில் ஒரு அடிதான், துனிசியாவின் காபெஸ் வளைகுடா போன்ற சில இடங்கள் விலக்கு. அதனால் படகைப் பக்கவாட்டில் கட்டாமல் பின்புறத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவது இங்கே வழக்கம். படித்துறையிலிருந்து மூன்று நான்கு படகு நீளத்துக்கு முன்பே அணியத்திலிருந்து நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வர வேண்டும். இரண்டு பின் கயிறுகளைக் கரையில் கட்டிவிட்டு சங்கிலியை இறுக்க வேண்டும். சொல்ல எளிது. பக்கக்காற்று அடிக்கும்போது, கரையில் இருபது பேர் காபி குடித்துக்கொண்டு பார்க்கும்போது, பின்னால் போகையில் சுக்கான் பேச்சைக் கேட்காத பழைய படகில் செய்து பாருங்கள். வேகம் எடுத்த பிறகுதான் சுக்கான் பிடிக்கும், அதனால் தொலைவிலிருந்தே பின்னோக்கி வரத் தொடங்குவது நல்லது. காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள்.

உங்கள் சங்கிலிமேல் பக்கத்துப் படகு தன்னுடையதைப் போட்டுவிடும். தினமும் நடப்பது, யாரும் சண்டை போடுவதில்லை. காலையில் இழுக்கும்போது அவர்கள் சங்கிலி உங்கள் நங்கூரத்தில் தொங்கிக்கொண்டு வரும். ஒரு கயிற்றை அதன் அடியில் கொடுத்து இரண்டு முனையையும் அணியத்தில் கட்டிக்கொண்டு, உங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். அது கழன்றுவிடும். அப்புறம் கயிற்றின் ஒரு முனையை விட்டால் அவர்கள் சங்கிலி கீழே போய்விடும்.

திறந்த விரிகுடாவில் தங்கும்போது ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி, காற்று வரும் என்றால் ஏழு மடங்கு. அணியம் தண்ணீருக்கு மேலே நிற்கும் உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு இழுத்துப் பாருங்கள், நகரவில்லையா என்று கரையில் இரண்டு அடையாளங்களை வைத்துப் பாருங்கள். பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, பத்து மீட்டர் ஆழத்தில் கிடக்கும் சங்கிலிக் கண்ணிகளை எண்ணலாம். வருடத்தில் பெரும்பாலான இரவுகள் நங்கூரத்தில்தான் போகும். அதை நம்பித் தூங்க முடிந்தால் படகு வாழ்க்கை சுகம். நல்ல நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய படகோடு வரும் பழைய மாடல் நங்கூரத்தை மாற்றிவிட்டு ரோக்னா, ஸ்பேட் போன்ற புதிய வடிவம் ஒன்றைப் போடுங்கள்.

கோடைக் காற்றைப் பற்றிக் கேட்டீர்கள். இங்கே அதன் பெயர் மெல்டெமி. பால்கன் பக்கம் உயர் அழுத்தம், துருக்கிக்கு மேலே தாழ்வழுத்தம், நடுவில் ஏஜியன் கடல். அந்தத் தாழ்வழுத்தம் நம் ஊர்த் தென்மேற்குப் பருவமழையை இழுக்கும் ஆசியக் கோடைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு நீட்சிதான். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து பியூஃபோர்ட் எனும் காற்று வேக அளவில் ஐந்து முதல் ஏழு வரை நாள்கணக்கில் வீசும், சில இடுக்குகளில் எட்டு. வானம் பளிச்சென்று இருக்கும். சைக்லடீஸ் தீவுகளில் அதை நேர் எதிராக வடக்கே போக முயல்வது வீண். தீவின் தெற்குப் பக்கம் ஒதுங்கலாம் என்று தோன்றும், ஆனால் உயரமான மலையிலிருந்து காற்று இன்னும் வேகமாகக் கீழே விழும். கோடையில் ஏஜியன் வேண்டாம் என்றால் அயோனியன் பக்கம் போங்கள். கோர்ஃபு, பாக்ஸோஸ், லெஃப்காஸ், இதாக்காவில் மதியத்துக்குப் பிறகு வடமேற்கிலிருந்து வந்து இருட்டியதும் அடங்கும் காற்று.

சுக்கான் (சென்னை)

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. நோமாட் விசாவின் வருமானக் கணக்கைப் பார்த்தோம், மனைவியின் வகுப்புகள் மட்டும் போதாது. என் நிறுவனம் வெளியிலிருந்து வேலை செய்ய ஒத்துக்கொண்டால் எட்டும். கேட்டுப் பார்க்கிறேன். இல்லையென்றால் தேவி அக்கா சொன்ன ஆறு மாதக் கணக்குதான்.

மனைவி கேட்கச் சொன்னது: தண்ணீர், கரண்ட், கழிப்பறை, சமையல். இதில் எது கஷ்டம்?

நிலா_அம்மா

மனைவியிடம் சொல்லுங்கள், கழிப்பறைதான். குழாய் மிகவும் குறுகலாக இருக்கும். காகிதத்தைத் தனிக் கூடையில்தான் போட வேண்டும். கழிவைச் சேர்க்கும் தொட்டி வேண்டும். துருக்கியின் முலா மாகாணக் கடற்கரையில் மாவி கார்ட் என்று ஒரு நீல அட்டை கொடுப்பார்கள். தொட்டியை எங்கே, எப்போது காலி செய்தீர்கள் என்று அதில் பதிவாகும், கடலோரக் காவல் கேட்டால் காட்ட வேண்டும். தொட்டி இல்லாத படகை விலை குறைவு என்று வாங்கினால் பிறகு பொருத்துவது பெரிய வேலை.

தண்ணீர்: 36 அடிப் படகில் 300 முதல் 400 லிட்டர் பிடிக்கும். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி கடைசியாக நல்ல தண்ணீரில் அலசினால், கடலில் குளித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டால், இரண்டு பேருக்கு இரண்டு வாரம் வரும். சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கி வாழ்ந்தவர்களுக்கு இது புதிதில்லை, எங்களைப் போன்றவர்கள் இதில் மற்றவர்களைவிட எளிதாகப் பழகுகிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன். சில சிறு கிரேக்கத் தீவுகளில் தண்ணீர் விலைக்குத்தான்.

கரண்ட்: கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் கோடையில் ஃப்ரிட்ஜ், விளக்கு, லேப்டாப் ஓடும். அதிகம் தின்பது ஃப்ரிட்ஜ்தான். கிரேக்கத் தீவுகளில் மொபைல் சிக்னல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வகுப்பு தடைபடக் கூடாது என்றால் செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினி வைத்துக்கொள்ளுங்கள், 25 முதல் 40 வாட் எடுக்கும். மிக்ஸி ஓட்ட 1500 வாட் இன்வெர்ட்டரும் அதற்குத் தகுந்த லித்தியம் பேட்டரியும் வேண்டும்.

சமையலுக்கு பிரஷர் குக்கர் இல்லாமல் வராதீர்கள், கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அலையில் கவிழ்ந்தாலும் மூடி கழலாது. மேற்கு ஐரோப்பாவில் கேம்பிங்காஸ் நீலச் சிலிண்டர், 2.75 கிலோ, கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். துருக்கியில் உள்ளூர்ச் சிலிண்டரும் அதற்கான ரெகுலேட்டரும் வாங்க வேண்டும். இட்லி மாவு ஆகஸ்டில் காலையில் அரைத்தால் மாலைக்குள் பொங்கிவிடும். அரிசி, பருப்பு, மசாலாவுக்கு ஏதென்ஸில் ஓமோனியா சதுக்கத்தைச் சுற்றி வங்காளதேசத்தவர் கடைகள் இருக்கின்றன. சிசிலிக்கு வந்தால் பலேர்மோவில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு, அங்கே பெரிய சமூகமே இருக்கிறது. மலைமேல் சாந்தா ரோசலியா கோயிலுக்கு இந்துக்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். கறிவேப்பிலை கிடைத்த அன்று எங்கள் படகில் திருவிழாதான்.

குளிர்காலம் பற்றி நான் சொல்ல வேண்டும், மகளோடு சிசிலியின் மரீனா தி ரகூஸாவில் இருந்தோம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஒப்பந்தம் போட்டால் கோடை விலையோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. லிக்காட்டா, ஸ்பெயினில் கார்த்தஹேனா, துனிசியாவில் மொனாஸ்டிர், துருக்கியில் மர்மாரிஸ், ஃபினிகே, இங்கெல்லாம் குளிர்காலத்தில் படகுக் குடும்பங்கள் ஊராகக் கூடிவிடும். காலையில் ரேடியோவில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள்: யாருக்கு என்ன உதிரிப் பாகம் வேண்டும், யார் சந்தைக்குப் போகிறார்கள், குழந்தைகளுக்கு இன்று எந்தப் படகில் படிப்பு. என் மகள் இத்தாலியன் கற்றது அப்படித்தான்.

எதிரி குளிர் இல்லை, ஈரம். சமைக்கும் ஆவியும் மூச்சும் சுவரில் நீராகப் படிந்து மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்கு அடியில் காற்று போகப் பலகைச் சட்டம் போடுங்கள், கரை மின்சாரத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓட்டுங்கள். தெற்கிலிருந்து சிரோக்கோ வந்தால் சஹாரா மண் மழையோடு இறங்கி படகு முழுதும் செம்மண் பூசியதுபோல் ஆகிவிடும்.

ரவி_சவுத்தாம்ப்டன்

தேவி, ஒருவரோடு ஒரு மாதம் இருந்து பார்ப்பது என்ற யோசனை என்னுடையதைவிட நல்லது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் புயலைப் பற்றி யாரும் எழுதவில்லை. இந்தக் கடல் இப்போது கோடை முடிவில் மிகவும் சூடாகிவிடுகிறது. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கெஃபலோனியா, இதாக்கா, ஜாகிந்தோஸ் பக்கம் படகுகளை மூழ்கடித்தது. 2022 ஆகஸ்ட் 18 காலை கோர்சிகாவில் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் காற்று பதிவாயிற்று. நங்கூரத்தில் இருந்த எத்தனையோ படகுகள் பாறையில் ஏறின. 2024 ஆகஸ்ட் 14 ஃபோர்மென்தெராவில் அதேபோல். ஐந்து நாள் கழித்து ஆகஸ்ட் 19 விடியற்காலையில் பலேர்மோவுக்கு அருகே போர்ட்டிசெல்லோவில் நங்கூரத்தில் நின்ற 56 மீட்டர் நீள பேயிசியன் என்ற படகு மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். இதெல்லாம் நடுக்கடலில் நடக்கவில்லை, கரைக்குப் பக்கத்திலேயே நடந்தவை.

மெல்டெமியை முன்கூட்டியே கணித்துவிடலாம், இடிமழையை எந்த இடம் என்று சொல்ல முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் இடிமழை எச்சரிக்கை இருந்தால் படுக்கும் முன் கூரைச் சன்னல்களை மூடுங்கள், வெயில் துணியைச் சுருட்டுங்கள், டிங்கியை (சிறு துணைப்படகு) தூக்கிக் கட்டுங்கள், இன்ஜின் சாவி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இருட்டில் வெளியேறும் திசையைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இன்னொரு படகு நங்கூரம் சரியாகப் போடவில்லை என்று தெரிந்தால் வெட்கப்படாமல் இடம் மாறுங்கள்.

பவளம்

நடுவில் ஒரு கேள்வி. நாங்கள் செப்டம்பரில் கிரேக்கத் தீவான சாமோஸ் பக்கம் போகிறோம். அகதிகள் வரும் ரப்பர் படகைப் பார்த்தால் என்ன செய்வது? பலரிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

குருநகர் (பிரான்ஸ்)

நான் சொல்கிறேன். என் சொந்தங்கள் இரவோடு இரவாகப் பாக்கு நீரிணையைக் கடந்து ராமேஸ்வரம் போனவர்கள். அந்தப் படகில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும்.

கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டியது ஒவ்வொரு படகுத் தலைவனின் கடமை, சர்வதேசக் கடல் சட்டமே அதைச் சொல்கிறது. அவர்கள் எந்த நாடு, என்ன காகிதம் என்பது கேள்வியே இல்லை. உடனே வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் சொல்லுங்கள்: நீங்கள் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவு, எத்தனை பேர், படகில் தண்ணீர் ஏறுகிறதா, குழந்தைகள் இருக்கிறார்களா. போனில் கிரீஸ் கடலோரக் காவல் 108, துருக்கி 112, இத்தாலி 1530, பிரான்ஸ் 196. சொன்ன நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

ரப்பர் படகுக்கு மிக அருகில் போக வேண்டாம். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் அது கவிழும், உங்கள் 36 அடிப் படகும் நாற்பது பேரைத் தாங்காது. ஆனால் கண்ணில் இருந்து விடாதீர்கள், உதவி வரும்வரை நில்லுங்கள். தண்ணீரில் விழுந்தவர்களுக்கு உயிர் மிதவை, கயிறு, மிதக்கக்கூடிய எதையும் எறியுங்கள். மூழ்குகிறவரைத் தூக்கி ஏற்றத்தான் வேண்டும். அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு அவர்கள் சொன்னபடி செய்தால் சட்டப்படியும் நீங்கள் பாதுகாப்பாக இருப்பீர்கள். கூடுதலாக உயிர்ச்சட்டைகள் நான்கைந்து படகில் வைத்திருங்கள், இடம் பெரிதாக எடுக்காது.

பவளம்

நன்றி அண்ணா. எண்களை எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

சுக்கான் (சென்னை)

நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து முழு இழையையும் படித்தோம். முடிவு: இந்த வருடம் வாங்கவில்லை. சான்றிதழ்களை முடிக்கிறோம், செப்டம்பரில் படகில் வாழும் ஒரு தம்பதியோடு ஒரு மாதம் இருக்க ஏற்பாடு செய்கிறோம். அது சரிவந்தால் குளிர்காலத்தில் படகு தேடுவோம். தேவி அக்கா, வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தேவி_லேரோஸ்

பரிசோதகரை நீங்களே பிடியுங்கள், விற்கும் தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். படகு கரையேறி நிற்க வேண்டும், அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்து ஈரம் அளக்க வேண்டும். பிறகு தண்ணீரில் இறக்கி இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் மாற்றச் சொல்லும், அது விலையில் கழிய வேண்டிய தொகை. கம்பிகள் தளத்தில் பொருந்தும் இடத்தில் உள்ளே துருக்கறை வடிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எந்த நாட்டுக் கொடியில் பதிவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன் முடிவு செய்யுங்கள். காப்பீடு, 18 மாதக் கெடு எல்லாம் அதைப் பொறுத்தே வரும். கிரீஸில் 7 மீட்டருக்கு மேற்பட்ட எந்தப் படகுக்கும் டெபாய் எனும் மாத வரி உண்டு, ஆன்லைனில் கட்டலாம். விற்பவர் பழைய பாக்கி வைத்திருக்கிறாரா என்று ரசீதைக் கேட்டுப் பாருங்கள். வாட் ரசீதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

தேட நல்ல இடங்கள் படகுகளைக் கரையேற்றி வைக்கும் யார்டுகள்: கிரேக்கத் தீவான லேரோஸின் லாக்கி, பர்த்தேனி யார்டுகள், அயோனியன் பக்கம் பிரெவேசாவுக்கு எதிரே அக்டியோவில் உள்ள யார்டுகள். பிப்ரவரியில் வாருங்கள். அடுத்த வருட யார்டு வாடகை கட்ட வேண்டிய நேரம் என்பதால் விற்பவர்கள் விலையில் இறங்கி வருவார்கள். மழைக்காலம் வேறு, எந்தச் சன்னல் ஒழுகுகிறது என்று உள்ளே உட்கார்ந்தே பார்த்துவிடலாம். லேரோஸ் வரும் தேதி முடிவானதும் தனிச்செய்தி அனுப்புங்கள், யார்டில் நானும் வந்து பார்க்கிறேன்.